ஆள் பாதி ஆடை பாதின்னா, பீட் பெஸ்ட்டை ஏன் தூக்கினாங்க?

வணக்கம் மக்களே! பின்னாடி ஃபேன் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க, நிறுத்தினா நான் வெந்துடுவேன்.

நேத்து என் தம்பியோட ஒரு சண்டை. பாப் பேண்ட்னாலே மூஞ்சி, முடி, டிரெஸ்தானாம். இங்கிலாந்து பேண்ட் பீட்டில்ஸே அப்படித்தான் வந்தாங்களாம். "ஆள் பாதி ஆடை பாதிண்ணே"ன்னு பழமொழி வேற.

அவன் சொல்றதும் சும்மா இல்ல. 1961 கடைசில, பின்னாடி அவங்க மேனேஜரான பிரையன் எப்ஸ்டீன் அவங்களைப் பார்த்தப்போ, தோல் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு மேடையிலயே தம் அடிச்சுக்கிட்டு, தின்னுக்கிட்டு இருந்த பசங்க. கோட்டு சூட்டு தைக்க வெச்சது அவருதான். பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா குனியணும்னு பழக்குனதும் அவருதான்.

சரி, அந்தக் குரூப்ல அழகன் யாரு? டிரம்ஸ் வாசிச்ச பீட் பெஸ்ட். லிவர்பூல் கேவர்ன் கிளப்ல பொண்ணுங்க அவருக்குத்தான் உருகுனாங்க. 1962 ஆகஸ்ட்ல அவரையே கழட்டி விட்டாங்க! ரெக்கார்டிங்குக்கு இவர் டிரம்ஸ் சரிவராது, வேற ஆளை வெச்சுக்கறேன்னு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொல்லிட்டாரு. பசங்களுக்கும் ரிங்கோ ஸ்டார்ங்கற இன்னொரு டிரம்மர் மேல ஏற்கெனவே ஒரு கண்ணு. அவரைத்தான் சேர்த்துக்கிட்டாங்க. ரசிகர்கள் கொதிச்சுப் போய், கைகலப்புல பேண்டோட கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண்ணு வீங்கிடுச்சு. மூஞ்சிதான் முதலீடுன்னா எவனாவது இப்படிப் பண்ணுவானா? (பாவம், ரிங்கோவையும் மார்ட்டின் உடனே நம்பல. ஒரு ரெக்கார்டிங்ல வேற டிரம்மரை உட்கார வெச்சுட்டு, இவர் கையில குலுக்கித் தட்டுற தம்புரீனைக் குடுத்துட்டாரு.)

அதுக்கும் முன்னாடி, 1960ல ஜெர்மனியில ஹாம்பர்க் ஊர்ல வாசிச்சாங்க. ஒரு சினிமா தியேட்டர்ல திரைக்குப் பின்னாடி, கக்கூஸ் பக்கத்துல இருந்த ரூம்லதான் படுக்கை. ராத்திரிக்கு நாலரை மணி நேரம், சனிக்கிழமைன்னா ஆறு மணி நேரம் வாசிக்கணும். குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கறவன் எழுந்து போயிடாம இழுத்துப் பிடிக்கணும். கோட்டு வந்தது அதுக்கெல்லாம் அப்புறம்தான். நான் காலேஜ்ல தலைகீழா பண்ணேன். மொதல்ல அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை வாங்கினோம், பாட்டு ரெண்டுதான் தெரியும். சட்டை இன்னும் இருக்கு.

இப்போ 1963 பிப்ரவரி 11. முதல் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டை ஒரே நாள்ல பதிவு பண்றாங்க. பேண்டோட பாடகர் ஜான் லெனனுக்குச் சரியான ஜலதோஷம். தொண்டை மாத்திரையைச் சப்பிக்கிட்டே காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பாடுறாரு. தொண்டை கிழிஞ்சுடும்னு தெரிஞ்சே 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைக் கடைசிக்குன்னு தள்ளி வெச்சிருந்தாங்க. முதல் டேக்தான் ஆல்பத்துல இருக்கு. ரெண்டாவதுக்குக் குரல் எழும்பல.

தம்பிகிட்ட இந்தக் கதை எதையும் சொல்லாம ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாதிப் பாட்டுல நிமிர்ந்து பார்த்தான். "இந்த ஆளுக்குத் தொண்டை கட்டியிருக்காண்ணே?"ங்கறான்.