வேப்பிலையும் வேப்பம்பூ வடகமும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் வளர்கிற மூலிகை ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். தூதுவளை, வல்லாரை, கற்பூரவள்ளி என்று ஏதாவது சாடிச் செடியைத்தான் எடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் வேம்பை எடுத்துக்கொண்டேன். மரத்தைப் போய் மூலிகை என்கிறாரே என்று நீங்கள் சிரிக்கலாம். சரி, சிரியுங்கள். காகம் போட்ட விதையில் வேலியோரம் தானாக முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்து, சமையலுக்கும் வைத்தியத்துக்கும் பார்வை பார்க்கவும் கைகொடுக்கிற பச்சிலை யாழ்ப்பாணத்து வளவுகளில் வேறு எது இருக்கிறது?

மந்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். குழந்தை காரணமில்லாமல் சிணுங்கினால், பால் குடிக்க மறுத்தால், "நாவூறு பட்டிட்டுது, ஒருக்காப் பார்வை பார்ப்பிச்சுக்கொண்டு வா" என்று ஆச்சிமார் சொல்வது இன்றைக்கும் கேட்கிற பேச்சு. பார்வை பார்க்கிறவர் வேப்பங்குழை ஒன்றை எடுத்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி தலையிலிருந்து கால்வரை தடவி இறக்குவார். ஆளைத் தேடிப் போகாமல் வீட்டிலேயே பார்க்கிறவர்கள் உப்பு, செத்தல் மிளகாய், கடுகு மூன்றையும் கைக்குள் பொத்திப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாய் கமறவில்லை என்றால் நாவூறு கடுமையாம்.

இது எவ்வளவு பழையது என்று பார்க்க விரும்புகிறவர்கள் புறநானூற்றில் 281ஆம் பாட்டைப் படியுங்கள். அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடக்கிற வீரனின் வீடு. அங்கே இரவமரத் தழையோடு வேப்பந்தழையையும் செருகுகிறார்கள், வெண்கடுகைத் தூவுகிறார்கள், யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்கின்றன, வீடு முழுக்க நறும்புகை இடுகிறார்கள். வேம்பு, கடுகு, புகை. நம்முடைய ஆச்சிமார் கையில் எடுப்பதும் இவற்றைத்தான். சித்திரை வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைக்கும்போது தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று பஞ்சாங்கத்தில் பார்க்கிறோம் அல்லவா? சில வருடங்களில் அங்கேயும் வேப்பிலை வந்து நிற்கும்.

பார்வை பார்த்தால் சுகம் வருமா? அழுகிற பிள்ளையைப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்து, குளிர்ந்த குழையால் ஆறுதலாகத் தடவினால் அழுகை அடங்கத்தான் செய்யும். தாயின் பதற்றமும் இறங்கும். அதற்குமேல் நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் காய்ச்சல் காய்கிற குழந்தையைப் பார்வை பார்த்தாயிற்று என்று வீட்டில் வைத்திருப்பது கூடாது.

அம்மாள் வருத்தத்தில் மட்டும் கதை வேறு. கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வந்தால் நம் வீடுகளில் அதை நோய் என்று சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்பதுதான் பேச்சு. உடனே படலையில் வேப்பங்குழை செருகுவார்கள். அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். அந்த வீட்டாரும் கலியாணவீடு, கோயில் என்று போகமாட்டார்கள். அடுப்படியில் தாளிப்பு, பொரியல், மச்சம் எல்லாம் நின்றுவிடும். வருத்தக்காரருக்குத் தனி இடம், தனிப் பாய், வெள்ளைத் துணி. கடிக்கிறது என்று கை போனால் நகம் படவிடாமல் குழையால் தடவிவிடுவார்கள். கொப்புளம் காய்ந்து பொருக்கு விழத் தொடங்கிய பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு வார்ப்பார்கள்.

இப்போது இதையே வைத்தியர் பக்கத்திலிருந்து பாருங்கள். கொப்புளிப்பான் வெரிசெல்லா என்ற வைரசால் வருவது. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொற்றத் தொடங்கி, கடைசிக் கொப்புளமும் பொருக்குக் கட்டும்வரை தொற்றிக்கொண்டிருக்கும். நம்மவர்கள் தண்ணீர் வார்க்கிற நாளும் ஏறக்குறைய அதுவேதான். நகத்தால் சொறிந்தால் புண்ணில் கிருமி ஏறிச் சீழ் பிடிக்கும், வடுவும் விழும். ஆகவே படலையில் தொங்கிய குழை, தொற்று இருக்கிறது, உள்ளே வராதே என்ற அறிவித்தல். அறிவித்தலை மனிசர் மீறுவார்கள், அம்மாளை மீறப் பயப்படுவார்கள். கொரோனாக் காலத்தில் வீடுகளின் முன்னால் ஒட்டிய காகிதத்துக்கு இந்த மரியாதை கிடைத்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக வேப்பிலை வைரசைக் கொல்லும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியம்மைக்கும் இதே குழையைத்தான் கட்டினார்கள். ஊர் ஊராகச் சனம் செத்தது. தடுப்பூசிதான் அதை ஒழித்தது. இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977இல் சோமாலியாவில் கண்டது. நோய் ஒழிந்துவிட்டதென்று 1980இல் உலகச் சுகாதார அமையம் அறிவித்தது. கொப்புளிப்பானும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாகப் போய்விடும், பெரியவர்களை வருத்திவிடும். கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், மூச்சிழுக்கக் கஷ்டப்படுகிறவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது மூளையையும் ஈரலையும் பாதிக்கிற நோயைக் கொண்டுவரலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது வேப்பெண்ணெய். சிரங்குக்கும் பேனுக்கும் வெளியே பூசுவது வேறு. வயிற்றுக்குள் போவது வேறு. பச்சைக் குழந்தைக்குச் சளி, வயிற்றுக்குத்து என்று வேப்பெண்ணெய் பருக்குகிற பழக்கம் முன்பு இருந்தது. மலேசியாவில் அப்படிப் பருக்கிய குழந்தைகளைப் பற்றி 1980களின் தொடக்கத்தில் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். தேக்கரண்டிக் கணக்கில் கொடுத்த எண்ணெய்தான். சில மணித்தியாலத்துக்குள் வாந்தி, அயர்வு, வலிப்பு. இறப்பும் நேர்ந்தது. மந்திரம் என்று நாம் ஒதுக்கிவைக்கிற படலைக் குழை நோய் பரவாமல் காத்தது, மருந்து என்று நம்பிக் கொடுத்த எண்ணெய் பிள்ளையைக் கொன்றது. கர்ப்பிணிகளும் வேப்பெண்ணெய், வேப்பங்கஷாயம் பக்கமே போகவேண்டாம்.

சீனி வருத்தக்காரர் வேப்பங்கொழுந்து அரைத்துக் குடிப்பதைப் பற்றியும் கேட்பார்கள். வேம்புக்குச் சீனியைக் குறைக்கிற தன்மை உண்டு. அதனால்தான் கவனம் வேண்டும். குளிசையும் போட்டுக் கொழுந்தும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். கைதடியில் சித்த வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போய், எடுக்கிற குளிசைகளையும் காட்டி, கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

தோட்டக்காரருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேப்பம் பிண்ணாக்கை வெங்காயத் தறைக்குப் போடுவதும், பயறு மூடைக்குள் காய்ந்த இலையைப் போடுவதும் பழைய கைப்பழக்கம். 1959இல் சூடானில் வெட்டுக்கிளி எல்லாப் பச்சையையும் தின்றுவிட்டு வேம்பை மட்டும் விட்டுவைத்ததை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கண்டார். பிறகுதான் மேற்குநாட்டு ஆய்வுகூடங்கள் வேம்பைத் தேடத் தொடங்கின. வேம்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்துகிற முறைக்கு அமெரிக்கரிடம் காப்புரிமை ஒன்றும் இருந்தது. இந்தியாவிலிருந்து எதிர்த்து வழக்காடி, கடைசியில் 2005இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை முற்றாகத் தள்ளிவிட்டது. நம்முடைய தோட்டத்து வேலையை எங்கோ ஒருவர் தன்னுடையது என்று எழுதி வாங்கப் பார்த்த கதை!

சரி, அடுப்படிக்கு வருவோம். பங்குனி பிறந்துவிட்டது, வேம்பு பூத்து வாசம் முற்றமெல்லாம் நிறைகிறது. விடிய எழும்பி மரத்தடியைக் கூட்டி, பழைய சேலை ஒன்றை விரித்துவிடுங்கள். காற்றுக்கு உதிர்கிற பூவே போதும், கொப்பை முறிக்கத் தேவையில்லை. பூவைச் சுளகில் போட்டுக் காம்பும் தூசும் போகப் புடைத்து எடுக்கவேண்டும். பலர் இதில் சோம்பல் பட்டுத்தான் வடகத்தைக் கெடுக்கிறார்கள். காம்பு கூடினால் கைப்பு நாக்கில் நின்றுவிடும்.

ஒரு சுண்டு உழுந்தை ஊறவைத்து, தண்ணீர் மட்டாக விட்டுக் கரகரப்பாக அரையுங்கள். இரண்டு சுண்டு பூ, குறுணியாக வெட்டிய சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், உப்பு எல்லாம் சேர்த்துக் குழையுங்கள். வடைபோலத் தட்டினால் உள்ளே காயாது, இன்னும் மெல்லிசாகத் தட்டவேண்டும். பாயில் வைத்து நாலு வெயில் காட்டுங்கள், நடுவில் ஒருமுறை பிரட்டிவிடுங்கள். பனி படாமல் பின்னேரம் உள்ளே எடுத்துவிடவேண்டும். உடைத்தால் டக்கென்று முறிந்தால் பதம் சரி.

பொரிக்கும்போது தாச்சியில் எண்ணெய் புகைக்க விடாதீர்கள். மிதமான சூட்டில் போட்டு, சிவக்கிறதுக்கு ஒரு கணம் முன்னரே எடுத்துவிடுங்கள், வெளியே வந்தபிறகும் நிறம் ஏறும். வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கும் பருப்புக்கும் சொதிக்கும் இதற்கு ஈடு எனக்குத் தெரியாது. மோர்மிளகாயோடு பழஞ்சோற்றுக்கும் நல்லாயிருக்கும். கனடாவுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் பொரிக்காமல், நன்றாகக் காய்ந்த வடகமாகவே பொதி செய்து அனுப்புங்கள். பொரித்தது போய்ச் சேர்வதற்குள் எண்ணெய்ச் சிக்கு மணம் பிடித்துவிடும்.

நன்றி. வணக்கம்.