பேஸ் கிட்டாருக்குப் பெடல்களை எந்த வரிசையில் வைப்பது?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீடுகளிலும் எங்கள் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறேன். டியூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், ஆக்டேவ், கோரஸ் என்ற வரிசையில் ஐந்து பெடல்களை வைத்திருக்கிறேன். ஆக்டேவ் குளறுகிறது. ஓவர்டிரைவை மிதித்தால் பேஸே கேட்பதில்லை. எப்படி மாற்றுவது?"

தம்பி, முதலில் ஆக்டேவை எடுத்து டியூனருக்கு அடுத்து வையுங்கள். அந்தப் பெடல் நீங்கள் வாசிக்கும் சுரம் எது என்று கண்டுபிடித்துத்தான் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தை உண்டாக்குகிறது. ஓவர்டிரைவ் ஒலியலையின் உச்சியை வெட்டி, புதிய மேற்சுரங்களைக் கலந்துவிடும். அப்படிக் கலங்கிய ஒலியில் மூலச் சுரத்தைப் பிடிக்க ஆக்டேவ் திணறுகிறது. தந்தியிலிருந்து வரும் தெளிந்த ஒலி நேராக அதற்குப் போகட்டும்.

வரிசையை மாற்றினாலும் ஒரு தொல்லை இருக்கும். திறந்த ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் 20 ஹெர்ட்ஸ் சொச்சம். மனிதக் காது கேட்கும் எல்லையே அதுதான், உங்கள் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. ஏ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் உள்ள டி 73 ஹெர்ட்ஸ். அதன் கீழ் ஸ்தாயி 37 ஹெர்ட்ஸ் அளவில் வரும், நெஞ்சில் உணரலாம். ஆகவே ஆக்டேவ் போடும் இடங்களில் கை சற்று மேலே போகட்டும். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வாசியுங்கள். பக்கத்துத் தந்தி லேசாக அதிர்ந்தால்கூடப் பழைய வகை ஆக்டேவ் தடுமாறும். இடது கை விரல்களின் அடிப்பகுதியால் அதை அமுக்கி வையுங்கள்.

அடுத்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர். அதை ஆக்டேவுக்கு முன்னால் வைப்பவர்களும் உண்டு. சுரத்தின் வால் சீக்கிரம் அறுந்துபோகும் பெடலாக இருந்தால் அதில் பலன் இருக்கிறது. எனக்கோ ஆக்டேவுக்குப் பின்னால் கம்ப்ரஸரை வைப்பதுதான் பிடிக்கும், இரண்டு ஸ்தாயிகளும் ஒரே அளவில் நிற்கும். ஓவர்டிரைவுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். வாசிப்பு நிற்கும் இடங்களிலெல்லாம் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். நாளைக்கு, ஒலியை 'வா' என்று திறந்து மூடும் ஆட்டோ-வா பெடல் வாங்கினால் அது கம்ப்ரஸருக்கு முன்னால் வர வேண்டும். விரல் அடிக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் அது திறக்கிறது; அந்த வேறுபாட்டைக் கம்ப்ரஸர் அழித்துவிடும்.

ஓவர்டிரைவில் பேஸ் காணாமற்போவதற்கு வரிசை காரணமில்லை. கிட்டாருக்காகச் செய்த பல ஓவர்டிரைவ்கள் கீழ் ஒலியை வேண்டுமென்றே குறைக்கின்றன. ட்யூப் ஸ்கிரீமர் என்ற புகழ்பெற்ற கிட்டார் ஓவர்டிரைவில் ஒலியை வெட்டிக் கரகரப்பாக்கும் பகுதி சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக வலுக் குறைந்து வேலை செய்கிறது. கிட்டாருக்கு அது அழகு. நமக்கு அடித்தளமே போய்விடும். தெளிந்த ஒலியையும் சேர்த்துக் கலக்கும் பிளெண்ட் குமிழ் உள்ள, பேஸுக்கென்றே செய்த பெடலைத் தேடுங்கள். புதிய பெடல் வாங்குவதானால் உங்கள் காசை இதற்குத்தான் செலவிடச் சொல்வேன்.

ஒலியை லேசாக ஆட்டிப் பல பேஸ்கள் சேர்ந்ததுபோல் காட்டும் கோரஸ் கடைசியிலேயே இருக்கட்டும், அளவைக் குறைத்து வையுங்கள். அடிச் சுரம் ஆடினால் முழுக் குழுவும் சுருதி விலகியதுபோல் கேட்கும். ரிவேர்ப் வாங்க நினைக்காதீர்கள். தகரக் கூரையும் சிமெந்துத் தரையும் உள்ள மண்டபம் போதிய எதிரொலியைத் தானாகவே தருகிறது.

மின்சாரத்தையும் பாருங்கள். எல்லாப் பெடல்களுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் கொடுத்தால் இரைச்சல் சேரக்கூடும். தனித்தனி வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளை நல்லது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வயரில் கோளாறு இருந்தால் அதன் உறுமலும் ஒலியில் கலக்கும். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், ஜி வாசிக்கும்போது ஒலி அலைபாய்ந்தால் தந்தியைக் குறை சொல்வதற்கு முன் வயர்களைச் சோதியுங்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் ஜாக் முனைகளும் மங்கிவிடும். அவ்வப்போது துடைத்து வையுங்கள்.

ஆக, டியூனர், ஆக்டேவ், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ். குமிழ்களை வீட்டில் தனியாக இருந்து திருகி முடிவு செய்யாதீர்கள். டிரம்ஸும் தப்பும் சேர்ந்து முழங்கும் ஒத்திகையில் வைத்துப் பாருங்கள். அங்கே தெளிந்த ஒலி நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தேவைப்படும்.