டுனிடினிலிருந்து டொராண்டோ வரை

வணக்கம் நேயர்களே. பேஸ்பால் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பெரிய லீக் நட்சத்திரங்களை எல்லோரும் பேசுகிறார்கள், நான் மைனர் லீக்கில் பந்து வீசும் இளைஞர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வட அமெரிக்காவின் பெரிய லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே, மைனர் லீக்கில், சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிகள், ஆக 120 அணிகள். இதில் ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டிங் பிட்ச்சர் வேலைதான் கடினம். கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டுவிட்டு அடுத்த ஓவருக்கு ஓரமாக நிற்கலாம், இங்கே மூன்று பேரை அவுட்டாக்கும் வரை பொதுவாக ஒரே ஆள்தான் வீச வேண்டும், அது ஓர் இன்னிங்ஸ், அப்படி ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்க வேண்டும், அதற்குள் அதே பேட்டர் இரண்டாவது முறை, மூன்றாவது முறை வந்து நிற்பார், முதலில் ஏமாந்த பந்துக்கு இப்போது ஏமாற மாட்டார். வேகம் மட்டும் வைத்திருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்ச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக பிட்ஸ்பர்க் அணி எடுத்தது. 2024-இல் இண்டியானாபொலிஸில், அதாவது டிரிபிள் ஏ-யில், ஏழு ஆட்டம், 45 ஸ்ட்ரைக்அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்தது 0.99 ரன்தான். ஸ்ட்ரைக்அவுட் என்றால் பேட்டர் பந்தை ஆடுகளத்துக்குள் அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவது. ஆனால் அந்த ஏழு ஆட்டத்தையும் கூட்டினால் 28 இன்னிங்ஸ்கூட வராது. அணி வேண்டுமென்றே குறைத்து வீச வைத்தது. ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை, எனக்கு அது சரியென்றே பட்டது. முழங்கைத் தசைநார் ஒருமுறை கிழிந்தால் அறுவை சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். மே 11 அன்று மேலே கூப்பிட்டார்கள். அந்த வருடமே சிறந்த புதுமுகம், அடுத்த வருடம் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது.

சரி, என் மனசுக்கு நெருக்கமானவர் ட்ரே யெசாவேஜ். 2024 டிராஃப்டில் 20-வது ஆளாக டொராண்டோ எடுத்த பையன். 2025 ஏப்ரலில் புளோரிடாவின் டுனிடினில், அடிமட்டத்தில் தொடங்கி, வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று ஒவ்வொரு படியாக ஏறினார். மைனர் லீக்கில் அவருடைய ரன் சராசரி, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், 3.12. அதை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் 98 இன்னிங்ஸில் 160 ஸ்ட்ரைக்அவுட், அதாவது எடுத்த அவுட்டுகளில் பாதிக்கு மேல் யார் கைக்கும் பந்து போகாமலே எடுத்தவை. தலைக்கு நேர்மேலே கையை உயர்த்தி வீசுவார், இரண்டு விரலை அகட்டிப் பிடித்து விடும் ஸ்ப்ளிட்டர், வேகப்பந்து மாதிரியே வந்து பேட்டர் நிற்கும் தட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று இறங்கும். மைனர் லீக்கில் ஒருவரைத் தேடுகிறவர்கள் ரன் சராசரிக்கு முன்னால் ஸ்ட்ரைக்அவுட்டைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ரன் சராசரியில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் கையும் இருக்கிறது.

செப்டம்பர் 15 அன்று டொராண்டோ சட்டையில் முதல் ஆட்டம், ஒன்பது ஸ்ட்ரைக்அவுட். அப்புறம் அக்டோபர் 29, லாஸ் ஏஞ்சலஸில் உலகத் தொடரின், அதாவது பெரிய லீக்கின் இறுதித் தொடரின், ஐந்தாவது ஆட்டம். வயது 22. ஏழு இன்னிங்ஸ், ஒரே ரன், 12 ஸ்ட்ரைக்அவுட், நான்கு மோசமான பந்து போட்டு இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பும் வாக், அதை ஒருவருக்குக்கூட கொடுக்கவில்லை. உலகத் தொடரில் புதுமுகங்களின் சாதனையாக 1949-இலிருந்து டான் நியூகோம்பிடம் இருந்தது 11. டொராண்டோ கடைசியில் தொடரை இழந்தது, அது இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்த இரவில் அவர் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கியபோது, டுனிடினில் வீசத் தொடங்கி ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.