தன் கட்சி அமைச்சரையே கேள்வி கேட்டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடங்களுக்கு முன்னால் வகுப்பில் நாடாளுமன்றம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், ஆளுங்கட்சிக்காரர் மேசையைத் தட்டுறார். எதிர்க்கட்சிக்காரர் வெளிநடப்பு செய்றார். யார் எப்படி ஓட்டுப் போடுவாங்கன்னு முன்னாடியே தெரியுது. அப்போ கட்சிக்கு ஒருத்தர் போதாதா? எதுக்கு 543 பேர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. நாடாளுமன்றத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை குறைகிறது என்று பேசும்போதெல்லாம் உறுப்பினர்களின் கூச்சலைத்தான் குறை சொல்கிறோம். கூச்சல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உறுப்பினருக்குத் தன் புத்தியைப் பயன்படுத்த அங்கே இடம் இருக்கிறதா, இல்லையா? என் கவலை அதுதான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு கதை உண்டு. என் மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், "ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று சிரிப்பார்கள். பரவாயில்லை.

1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. உருவானது. இருநூற்றுக்கும் மேற்பட்ட தனியார் காப்பீட்டு நிறுவனங்களை அரசு எடுத்து ஒன்றாக்கியது. குடும்பத்துக்கு ஆகட்டும் என்று மக்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில், அந்தப் பணத்தில் சுமார் 1.24 கோடி ரூபாயை முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இன்றைக்கு அந்தத் தொகை சின்னதாகத் தோன்றலாம். அன்றைக்கு அது பெரும் பணம்.

மக்களவையில் கேள்வி வந்தது. அமைச்சகம் பூசி மெழுகிப் பதில் சொன்னது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒருவர் விடவில்லை. தேதி, பங்கின் விலை, யார் யாருக்கு எழுதினார்கள் என்று தோண்டி எடுத்து, டிசம்பரில் அவையில் எழுந்து வரிசையாக அடுக்கினார். அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி. அன்றைய பிரதமர் நேருவின் மருமகன்! நிதி அமைச்சரோ நம் சென்னைக்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

மாமனாரின் அரசாங்கம், சொந்தக் கட்சி அமைச்சர். இருந்தும் கேட்டார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை வைத்தார்கள். மூடிய அறையில் அல்ல, பகிரங்கமாக. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு என்று சாக்ளா சொன்னார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பின்னால் 1963-இல் மறுபடியும் நிதி அமைச்சரானார், அது தனிக் கதை.

இதனால் அரசு கவிழ்ந்ததா? இல்லை. எல்.ஐ.சி. மேல் நம்பிக்கை போனதா? அதுவும் இல்லை. நம் பணத்தைக் கேட்க அங்கே ஆள் இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிந்தது. மறுபடியும் சொல்கிறேன், கேட்டவர் ஆளுங்கட்சிக்காரர்.

சரி, இன்றைக்கு அப்படி ஒருவர் எழுவாரா? 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் சில நாட்களுக்குள்ளேயே பலமுறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (ராம் வந்தார், ராம் போனார்) என்ற பேச்சு அவரால் வந்தது. அந்த நோய்க்கு மருந்தாகத்தான் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நோய் உண்மை, மருந்தும் தேவைதான். ஆனால் மருந்தின் அளவு கூடிப்போயிற்று. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் சார்பில் உறுப்பினர்களுக்குச் சொல்பவர் கொறடா. அவர் உத்தரவை மீறி எந்த ஒரு மசோதாவில் ஓட்டுப் போட்டாலும் பதவியே போகலாம். ஆட்சி கவிழும் ஓட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு சரி. துறைமுகம் பற்றியோ தேனீ வளர்ப்பு பற்றியோ ஒரு மசோதா வந்தால் அதற்கும் எதற்கு?

கேள்வி கேட்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் ஓட்டு தன் கையில் இல்லை என்று தெரிந்தவர் ராத்திரி விழித்து மசோதாவைப் படிப்பாரா? நீங்களே சொல்லுங்கள். கொறடாவின் அதிகாரத்தை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதில் உறுப்பினரை விட்டுவிடலாம். கிட்டத்தட்ட இதே வழியில் 1990-இலேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. ஏட்டிலேயே இருக்கிறது.

அடுத்தது நிலைக்குழுக்கள், அதாவது மசோதாக்களை ஆராயும் உறுப்பினர் குழுக்கள். இவற்றைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது, அதனால் பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு குழுவிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. கேமரா இல்லாததால் யாரும் வீர வசனம் பேச வேண்டியதில்லை. அதிகாரிகளையும் நிபுணர்களையும் கூப்பிட்டு வரிவரியாகக் கேட்கிறார்கள். பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் (2009-14) நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. பதினேழாவதில் (2019-24) 16 மட்டும். மிச்சமெல்லாம் நேராக அவைக்கு வந்து, பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டன. குழுவுக்குப் போகாமல் எந்த மசோதாவும் வரக் கூடாது, அவசரம் என்றால் காரணத்தை அவையில் சொல்லட்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

பிரிட்டனில் 2009-இல் உறுப்பினர்களின் செலவுக் கணக்கு நாறிப்போனது. தோட்டத்துக் குளத்தில் வாத்துக்குக் குடில் வாங்கியதற்குக்கூட ஒருவர் பணம் கேட்டிருந்தார். சபாநாயகரே விலக வேண்டி வந்தது. மானம் போன பிறகு என்ன செய்தார்கள்? செலவுக் கணக்கை வெளி அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அப்புறம், அமைச்சகங்களைக் கேள்வி கேட்கும் அங்குள்ள தேர்வுக்குழுக்களின் தலைவர்களை உறுப்பினர்களே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும் என்று 2010-இல் மாற்றினார்கள். அதுவரை அது பெரும்பாலும் கொறடாக்களின் கையில் இருந்தது. கொறடாவுக்குக் கடன்படாத தலைவர் அமைச்சரைத் தைரியமாகக் கேட்பார். பாருங்கள், மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டேன்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். முந்த்ரா கதைக்கு அதிகம் செலவழித்துவிட்டேன் போல. பட்ஜெட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அமைச்சகங்கள் தங்கள் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளை விவாதிக்காமலே மொத்தமாக ஓட்டுக்கு விடுவதை 'கில்லட்டின்' என்பார்கள். 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு மக்களவை இப்படித்தான் அனுமதி கொடுத்தது. 1.24 கோடிக்கு அமைச்சரையே இறக்கிய அவை இது. அவை கூடும் நாட்களும் குறைந்துவிட்டன. முதல் மக்களவை ஐந்து வருடத்தில் 677 நாள் கூடியது, பதினேழாவது 274 நாள்தான். துணை சபாநாயகர் இல்லாமலே அந்த ஐந்து வருடமும் ஓடியதைப் பற்றிப் பேச இன்றைக்கு நேரமில்லை.

அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை என்று கேள்விப்பட்டேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உன் கேள்விக்கு இன்னும் பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன், அம்மா.

நன்றி, வணக்கம்.