வாடகை வீட்டில் பறவை: ஏன் ஒளித்து வைக்கக் கூடாது?

[திரையில் ஒரு வாடகை ஒப்பந்தம். நடுவில் ஒரே ஒரு வரி பெரிதாகிறது: "வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை."]

இந்த வரியைப் படித்த பிறகும் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். சாமான்களை எல்லாம் ஏற்றி முடித்த பின், துணி போட்டு மூடிய ஒரு கூண்டு கடைசியாக வண்டியில் ஏறுகிறது. "நாயா, பூனையா? ஒரு சின்னப் பறவைதானே" என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள்.

நானும் அப்படி எழுதிக்கொண்டவன்தான். காக்கடீல் என்ற கொண்டையுள்ள சின்னக் கிளி ஒன்றை ஏழு மாதம் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால், முதுகில் மருந்து தெளிப்பானுடன் ஒருவர். கட்டடம் முழுவதற்கும் பூச்சி மருந்து அடிக்க உரிமையாளர் அனுப்பியிருந்தார். என் வீட்டில் பறவை இருப்பது தெரிந்திருந்தால் முந்தைய நாளே சொல்லியிருப்பார்; அவருக்குத்தான் தெரியாதே. நல்ல வேளை, அன்று நான் வீட்டில் இருந்தேன். இல்லாவிட்டாலும் வேலை நின்றிருக்காது. உரிமையாளரிடம் இன்னொரு சாவி உண்டு.

அந்த இன்னொரு சாவியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

[படம்: பறவையின் உடலுக்குள் நுரையீரல், அதைச் சுற்றிக் காற்றுப்பைகள்]

பூச்சி மருந்து நெடி நமக்குத் தலைவலி தரும், இருமல் தரும். ஜன்னலைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். பறவைக்கு ஏன் அப்படி இல்லை?

நாம் இழுக்கும் மூச்சு நுரையீரலுக்குள் போய், போன வழியே திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் பழைய காற்று கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். பறவையின் உடல் வேறு மாதிரி. பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது காற்றுப்பைகள் இருக்கின்றன. அவை துருத்திபோல விரிந்து சுருங்கி, நுரையீரல் வழியாகக் காற்றை ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பறத்தல் என்ற கடும் உழைப்புக்கு வேண்டிய ஆக்சிஜன் இப்படித்தான் கிடைக்கிறது. காற்றில் நஞ்சு கலந்திருந்தால் அதுவும் இதே வேகத்தில் இரத்தத்தில் ஏறிவிடும்.

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிப் பறவைகளைக் கொண்டுபோனது இதனால்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் 1890களில் சொன்ன யோசனை அது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு வந்தால் மனிதனுக்கு முன்பே கேனரி தள்ளாடும். பிரிட்டனில் 1986 வரை இந்தப் பழக்கம் இருந்தது. அதன் பிறகு கருவிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

உங்கள் வீட்டுக் கூண்டில் இருப்பதும் அதே வகை உடல்தான். வாடகை வீட்டில் பிறர் முடிவு செய்து செய்யும் வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: சுவருக்கு வண்ணம் அடிப்பது, கதவுக்கு வார்னிஷ், குளியலறைக்குக் கடும் நெடியுள்ள அமிலம், மாடிப்படியில் பூச்சி மருந்து. இவற்றில் எதற்கும் உங்களைக் கேட்டு நாள் குறிக்க மாட்டார்கள். பறவை இருப்பது தெரிந்தால் குறைந்தது முன்கூட்டியே சொல்வார்கள். கூண்டை நண்பர் வீட்டில் சில நாள் விட்டுவைக்கலாம். ஒளித்து வைத்தவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

[காட்சி: அடுப்பின் மேல் காலியான நான்ஸ்டிக் பாத்திரம்]

இன்னொன்று நம் கையாலேயே நடப்பது. நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சுமார் 280 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே ஆபத்து. காலிப் பாத்திரத்தை அடுப்பில் மறந்துவிட்டால் அந்தச் சூட்டுக்கு அதிக நேரம் ஆகாது. சில ஹீட்டர்களிலும் இஸ்திரிப் பெட்டிகளிலும் ஓவன்களிலும்கூட இதே பூச்சு உண்டு. சாமான்களோடு சேர்த்து வாடகைக்கு விடப்படும் வீடு என்றால் உரிமையாளரின் ஹீட்டரில் என்ன பூச்சு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். விசித்திரமான கேள்விதான். உங்களை ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

[ஒலி: கதவு சாத்தப்படுகிறது. அடுத்த நொடி கூர்மையான ஒரு கூவல். மீண்டும் ஒன்று.]

சரி, ஒளிக்க வேண்டும் என்றே முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முடியுமா? முடியாது. இந்தக் கூவலைக் கேட்டீர்கள் அல்லவா, இதற்கு அழைப்புக் குரல் என்று பெயர் சொல்லலாம். கிளி இனங்கள் கூட்டமாக வாழ்பவை. கூட்டத்தில் ஒருவர் கண்ணில் படவில்லை என்றால் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும். பதில் வரும்வரை கேட்கும். உங்கள் வீட்டில் அந்தக் கூட்டம் நீங்கள்தான். நீங்கள் அலுவலகத்துக்குக் கிளம்பிய பின்பும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பறவை கத்தியதும் ஓடிப்போய் "என்னடா கண்ணா" என்று கொஞ்சுகிறார்கள். கத்தினால் ஆள் வரும் என்று அது கற்றுக்கொள்கிறது. அதட்டினாலும் அதே பாடம்தான், ஏனென்றால் அதட்டவும் ஆள் வந்தாயிற்றே! அடுத்த அறையில் இருந்தபடியே மெல்லிய விசில் ஒன்று கொடுங்கள். எப்போதும் ஒரே விசில். அது கத்தலைக் குறைத்து மெதுவான குரலில் பதில் சொல்லும்போது மட்டும் எழுந்து போங்கள். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், பலன் உண்டு.

விடியலிலும் அந்தி நேரத்திலும் சத்தம் உச்சத்தில் இருக்கும். அதை நிறுத்த முடியாது, நேரத்தை நகர்த்தலாம். கிளி இனங்களுக்கு இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டு தேவை. அறைக்குள் வெளிச்சம் ஆறரைக்குத்தான் வரும் என்றால் கச்சேரியும் பெரும்பாலும் ஆறரைக்குத்தான் தொடங்கும். தடித்த திரைச்சீலை இதற்குப் போதும்.

சத்தத்தை அடைக்கச் சுவரில் பஞ்சு அட்டை ஒட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒட்டினால் அறைக்குள் எதிரொலி குறையும், அவ்வளவுதான். சுவரைத் தாண்டிப் போகும் ஒலியைத் தடுப்பது எடையுள்ள பொருள். புத்தகம் நிறைந்த அலமாரி பஞ்சைவிட மேல். கதவின் அடியில் இருக்கும் இடைவெளியை அடைப்பது அதைவிட முக்கியம். கூண்டைப் பொதுச் சுவரில் ஆணியடித்து மாட்டவே கூடாது. விடிகாலையில் பறவை மணியை ஆட்டும், கம்பியை அலகால் தட்டும். அந்த அதிர்வு சுவர் வழியே நேராகப் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்குப் போய்ச் சேரும்.

[திரையில் வரிசையாக: ஸீப்ரா ஃபின்ச், பட்ஜி, காக்கடீல், சன் கோன்யூர், காக்கட்டூ]

இன்னும் பறவை வாங்காதவர்களுக்கு இந்தப் பகுதி. ஸீப்ரா ஃபின்ச் என்ற சின்னக் குருவி பொம்மைக் குழல்போலச் சின்னச் சின்னதாகக் குரல் கொடுக்கும். ஆண் மட்டுமே பாடும். கையில் உட்காரும் செல்லமாக அது இருக்காது, பார்த்து ரசிக்க மட்டும்தான். பட்ஜியைத்தான் பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வாங்குகிறார்கள். உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை. இந்த வித்தியாசம் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் லவ்பேர்டின் குரல் பட்ஜியைவிடக் கூர்மை. பட்ஜி நாள் முழுவதும் முணுமுணுக்கும். மூடிய கதவுக்கு அப்பால் அது பெரிதாகத் தெரியாது. காக்கடீல் விசிலடிக்கும், தனிமையில் கத்தவும் செய்யும். சன் கோன்யூர் என்ற மஞ்சள் கிளியின் அழகில் மயங்கி வாங்கிய பிறகு, அதன் கூச்சலால் வீடு மாறியவர்கள் உண்டு. கொண்டையுள்ள பெரிய கிளியான காக்கட்டூவின் கத்தல் 100 டெசிபலைத் தாண்டும். ஒட்டிய சுவர்கள் உள்ள குடியிருப்பில் காக்கட்டூ வைப்பது பறவைக்கும் கொடுமை, மனிதர்களுக்கும் கொடுமை. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆயுளையும் பாருங்கள். பட்ஜி 5 முதல் 10 ஆண்டு, காக்கடீல் 15 முதல் 20, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேலும். கையில் இருப்பதோ ஓர் ஆண்டு ஒப்பந்தம்.

[காட்சி: ஒப்பந்தத்தின் பக்கங்கள் புரள்கின்றன]

இனி ஒப்பந்தம். "நாய், பூனை கூடாது" என்று எழுதியிருக்கிறதா, "வளர்ப்புப் பிராணிகள் கூடாது" என்று இருக்கிறதா, "எழுத்துப்பூர்வ அனுமதியின்றிக் கூடாது" என்று இருக்கிறதா? மூன்றும் மூன்று கதை. கடைசி வகை உண்மையில் தடையே அல்ல, விண்ணப்பம் போடுங்கள் என்ற அழைப்பு. உரிமையாளர் சரி என்றாலும் குடியிருப்போர் சங்கத்தின் விதிகள் தனியே இருக்கும். அதையும் வாங்கிப் படியுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் எல்லா வளர்ப்புப் பிராணிகளையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் அச்சிட்ட ஒப்பந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. கூண்டுப் பறவைகள் அங்கே சிறு பிராணிகள் என்ற கணக்கில் வரும். பிரான்சில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுப் பிராணியைத் தடுக்கும் விதி பொதுவாகச் செல்லாது, ஆனால் பிராணியால் சேதமோ தொந்தரவோ இருக்கக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் வாடகை ஒப்பந்தத்தில் பிராணித் தடை செல்லாது. வேறு பல இடங்களில் உரிமையாளர் எழுதியதே முடிவு. உங்கள் ஊரில் எது என்பதை அங்குள்ள வாடகைதாரர் உதவி அமைப்பிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். கூடவே, அந்தப் பறவையை வளர்ப்பதே சட்டப்படி சரியா என்றும் பாருங்கள். இந்தியாவில் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு எந்த உரிமையாளரும் அனுமதி தர முடியாது.

[திரையில் ஒரு கடிதம் தட்டச்சாகிறது]

உரிமையாளரிடம் எப்படிக் கேட்பது? "ஒரு பறவை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அவர் மனத்தில் என்ன தோன்றும்? எச்சம், நாற்றம், சத்தம், இரண்டு இருபதாகப் பெருகுவது. அவர் கேட்கும் முன்பே நாம் சொல்லிவிட வேண்டும். நான் இரண்டாவது வீட்டில் அனுப்பிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"என்னிடம் ஒரு காக்கடீல் இருக்கிறது. கூண்டு ஒரு மீட்டர் உயரம், தரையில் நிற்பது. சுவரில் ஆணி எதுவும் அடிக்க மாட்டேன். பொதுச் சுவர் இல்லாத அறையில் வைப்பேன். காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் குரல் கொடுக்கும், இரவில் கொடுக்காது. முந்தைய குடியிருப்பின் பக்கத்து வீட்டுக்காரர் பேசத் தயாராக இருக்கிறார். கூண்டின் கீழே கழுவக்கூடிய விரிப்பு இருக்கும். ஏசி வடிகட்டியை மாதம் ஒருமுறை நானே சுத்தம் செய்வேன். வண்ணம் பூசவோ பூச்சி மருந்து அடிக்கவோ ஆள் வருவதானால் இரண்டு நாள் முன்பு தெரிவித்தால் நன்றி."

கடைசி வரிதான் எனக்கு வேண்டியது. மற்றதெல்லாம் அவருக்கு வேண்டியவை. பட்ஜி ஜோடி வைத்திருப்பவர்கள் "முட்டைப் பெட்டி வைக்க மாட்டேன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி இல்லாவிட்டால் பட்ஜி பொதுவாகக் குஞ்சு பொரிப்பதில்லை. பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். வீடு கை மாறினால் புது உரிமையாளருக்கு அந்தப் பேச்சு தெரியாது. குறுஞ்செய்தியாவது வேண்டும்.

கடிதத்தில் ஏசி வடிகட்டி ஏன் வந்தது என்றால், காக்கடீலின் உடலில் வெள்ளைத் தூளாகவே உதிரும் ஒரு வகை இறகு உண்டு. அலமாரியிலும் வடிகட்டியிலும் மாவு தூவியதுபோல் படியும். எச்சத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். மரத் தரையில் நாள்கணக்கில் விட்டால் மெருகு போகும். இரண்டையும் ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்ததைப் பெருக்கினால் தூசி பறந்து மூச்சில் ஏறும். கிளிக் காய்ச்சல் என்ற பாக்டீரியா நோய் பரவுவதும் பெரும்பாலும் இந்தத் தூசி வழியாகத்தான். குடிபுகும் நாளிலேயே ஜன்னல் சட்டம், சுவர் ஓரம், தரை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கிளி கொறித்தது எது, முன்பே பெயர்ந்திருந்தது எது என்று முன்பணம் திரும்பும் நாளில் வாதாட வேண்டியிருக்காது.

மறுத்துவிட்டால்? வேறு வீடு தேடுங்கள், அல்லது பறவை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் பறவையை வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படைக்கலாம். "சுதந்திரமாகப் போகட்டும்" என்று ஜன்னலைத் திறந்துவிடுவது மட்டும் வேண்டாம். கூண்டில் பிறந்த பட்ஜிக்குத் தீனி தேடத் தெரியாது, பருந்தைத் தெரியாது.

[காட்சி: புது வீட்டு வாசல், துணி மூடிய கூண்டு]

புது வீடு கிடைத்துவிட்டால் சாவி வாங்கும்போதே கடைசியாக எப்போது வண்ணம் அடித்தார்கள் என்று கேளுங்கள். நெடி இன்னும் இருந்தால் பறவை சில நாள் கழித்து வரட்டும். காக்கடீல் என்றால் முதல் சில இரவுகளில் சிறு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். பழகாத இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும். முதல் வாரம் வழக்கத்தைவிட அதிகமாகவே கூப்பிடும். ஆகவே சாமான்களைப் பிரிக்கும் முன்பே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "எங்களிடம் ஒரு பறவை இருக்கிறது, சத்தம் தொந்தரவாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்" என்று கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.