சார், விடுங்க சார்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சார்’ என்று அழைப்பதில் இன்று மிஞ்சியிருப்பது மரியாதையா, வெறும் பழக்கமா? நான் மரியாதைக் கட்சி.

எதிரணி அம்மா ஒரு போடு போட்டார்: “பஸ்ஸில் சில்லறைச் சண்டையில்கூட சார் போடுகிறோமே, அதுவும் மரியாதையா?” என்ன கைதட்டல்!

அதுவும் மரியாதைதான் அம்மா. போன வாரம் பஸ்ஸில் ஒருவர் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். “சில்லறை குடுங்க சார்” என்றார் கண்டக்டர். “இல்ல சார்.” “ஆளாளுக்கு ஐந்நூறு நீட்டினா நான் எங்க சார் போவேன்?” “அது உங்க பிரச்சினை சார்.” கவனியுங்கள், இதுவரை சேதாரம் இல்லை. அடுத்து கண்டக்டர், “என்ன சார் பேசுறீங்க?” என்றார். இந்த ‘என்ன சார்’ இருக்கிறதே, இனிமேல் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். பதிலுக்கு அவர் “என்னய்யா?” என்றார். போச்சு! அந்த பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது சார்தான், டிக்கெட்கூட எடுக்காமல். அப்புறம் யோவ் வந்தது, டேய் வந்தது, கை சட்டைக் காலருக்கே வந்துவிட்டது. முன் சீட்டுப் பெரியவர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? “சார்... சார்... விடுங்க சார்.” இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சார்! காலரிலிருந்து கை இறங்கியது. “சும்மா இருங்கடா” என்று சொல்லியிருந்தால் அவருக்கும் நாலு விழுந்திருக்கும்.

சாருக்கு இலக்கணமும் கேட்டார்கள். இங்கிலாந்தில் அது ‘சர்’ பட்டமானால் பெயருக்கு முன்னால் வரும். 1929-இல் சர் சி.வி.ராமன் ஆனார். நம் ஊரில் பெயருக்குப் பின்னால், ராமன் சார். அங்கே அரசர் கொடுக்க வேண்டும், இங்கே டீக்கடைக்காரரே கொடுத்துவிடுவார். ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 1919-இல் தாகூர் சர் பட்டத்தைத் துறந்தார். டீக்கடைக்காரர் கொடுத்ததை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது? இன்னொன்று, ஆங்கிலத்தில் எதிரில் நிற்பவரைக் கூப்பிடத்தான் சார். நாமோ ஆள் இல்லாதபோதும் “சார் சாப்பிடப் போயிருக்கார்” என்கிறோம். முதுகுக்குப் பின்னாலும் போடுகிறோம் அம்மா!

பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி 2021-லேயே சார், மேடம் வேண்டாம் என்று முடிவெடுத்ததே என்றார்கள். சரி, அலுவலகத்தில் மக்கள் கைகட்டிச் சொல்லும் சார் போகட்டும். அதற்கு நானும் கைதட்டுகிறேன்.

ஆனால் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள். கேட்டைத் திறக்கும்போது பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட சார் போடுவார். அவரை எல்லாரும் “வாட்ச்மேன்” என்றுதான் கூப்பிடுவோம், நான் உட்பட. ஒருநாள் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார். ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் கிடைத்ததா என்று கேட்டேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, “பிரின்சிபால் என்னை உட்காருங்க சார்னு சொன்னாங்க சார்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

எதிரணி அம்மா, அவரிடம் போய் “அது வெறும் பழக்கம்பா” என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா? வந்தால் தீர்ப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.