கம்பாசிட்டர் எப்படி இஞ்சினியர் ஆனார்?

அடுத்த கேள்வி, கும்பகோணத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "எங்கள் கொள்ளுத்தாத்தா பத்திரிகை ஆபீஸில் அச்சு எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் இரண்டாம் உலகப் போரில் இஞ்சினியராக இருந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒரு வெண்கல நட்சத்திரமும் இருக்கிறது. நிஜமா, பெருமைக்குச் சொன்னதா?"

நிஜமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குழப்பம் அந்த 'இஞ்சினியர்' என்ற சொல்லில் இருக்கிறது. பட்டாளத்தில் அது பட்டம் இல்லை, படைப்பிரிவு. நம் பக்கத்து ஆட்களுக்கு அது பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-ல் தொடங்கிய படை. அங்கே சாதாரணச் சிப்பாய்க்கே பெயர் சாப்பர்தான். செல்லமாகத் 'தம்பி' என்பார்கள். தச்சர், கொத்தனார், கொல்லர், ஃபிட்டர் என்று கைவேலை தெரிந்தவர்கள் அந்தப் படைக்கு நிறையவே தேவைப்பட்டார்கள்.

கம்பாசிட்டர் ஏன் போனார் என்று கேட்கலாம். அப்போது நம் நாட்டில் பத்திரிகை அச்சடிக்கும் நியூஸ்பிரிண்ட் காகிதம் தயாரிக்கவில்லை, எல்லாம் கப்பலில் வர வேண்டும். போரில் கப்பல் குறைந்தது, பத்திரிகைகளின் பக்கமும் குறைந்தது. பக்கம் குறைந்தால் எழுத்துக் கோக்கிறவருக்கு வேலை ஏது? இது என் ஊகம். வீட்டில் வேறு காரணம் சொன்னால் அதையே நம்புங்கள்.

சரி, அங்கே என்ன வேலை? ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது, முக்கியமாகப் பாலம் கட்டுவது. பெய்லி பாலம் என்று ஒன்று. பத்தடி நீள இரும்புச் சட்டம், ஒன்று சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவந்து இணைப்பு ஆணி அடித்துக் கோத்துக்கொண்டே போக வேண்டும், கிரேன் வேண்டாம். பர்மாவில் கலேவா என்ற இடத்தில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1944 டிசம்பரில் இப்படி 1,154 அடிக்கு மிதவைப் பாலம் போட்டார்கள். அரசலாற்று மூங்கில் பாலத்தில் நடந்து பழகியவர் அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

கண்ணிவெடி வேலை எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள்.

இனி உங்கள் நட்சத்திரப் பதக்கம். முன்பக்கம் நடு வட்டத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் பெயர் இருக்கும். 'பர்மா ஸ்டார்' என்றிருந்தால் பர்மா, 'இத்தாலி ஸ்டார்' என்றிருந்தால் இத்தாலி. அப்புறம் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களின் நட்சத்திரத்தில் பொதுவாக நம்பர், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும். எஸ்.பி.ஆர். என்று மூன்று எழுத்து தெரிந்தால் சாப்பர்தான், சந்தேகமே வேண்டாம்.

ஒன்று மட்டும். பளபளவென்று ஆக்குகிறேன் என்று பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும். அந்த நம்பரோடு பெங்களூரில் இருக்கும் அவர்களின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.